அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? சங்க அகப்பாட்டில் பெற்றவர்–பிள்ளை மனத்தாங்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடிச் சங்கப் பாட்டுப் படிக்கிறோம். காதல், ஊர்ப்பேச்சு, வீட்டுக்காவல், விடியுமுன் வீட்டைவிட்டுப் போகும் பெண், போன பிறகு தெருவைப் பார்த்து அழும் அம்மா என்று ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் முதல் ஆறு மாதமும் ஓடியது. புதிதாக வந்து சேருகிறவர்கள் அநேகமாக அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தொண்டை வற்றப் பேசுவதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

பாட்டைப் படித்தால் மலையும் யானையும் தினையும்தான் வருகிறது. சண்டை எங்கே இருக்கிறது?

கதை நமக்கு முன்பே தெரியும் என்ற தைரியத்தில் புலவர் பாடுகிறார். அதனால் நாமும் அதைத் தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டும். சுருக்கமாக இதுதான்: மலைச்சாரலில் ஒரு பெண் தினைப்புனம் காக்கப் போகிறாள். அங்கே ஒருவனைப் பார்க்கிறாள், பழகுகிறாள். வீட்டுக்குத் தெரியாது. கதிர் கொய்து முடிந்தால் புனத்தில் கிளி ஓட்டும் வேலை இல்லை, வெளியே போகக் காரணமும் இல்லை. வீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு இற்செறிப்பு என்று பேர். பெண் இளைக்கிறாள். அம்மா பயந்துபோய் முருகன் பூசாரியான வேலனை வரவழைத்து, சாமியாடி நோய்க்குக் காரணம் கேட்கும் வெறியாட்டு நடத்துகிறாள். ஊரில் முதலில் முணுமுணுப்பு, அது அம்பல். பிறகு வாய்விட்ட பேச்சு, அது அலர். இனி இரண்டு வழிதான் உண்டு. தோழி துணிந்து வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டும்; இலக்கணம் அதை அறத்தொடு நிற்றல் என்கிறது. இல்லாவிட்டால் இருவரும் கிளம்பிவிட வேண்டும், அது உடன்போக்கு.

இந்தக் கதையின் ஏதோ ஒரு நிமிடம்தான் ஒவ்வொரு பாட்டும். யானையும் அருவியும் வெறும் அலங்காரமல்ல. பேசுகிறவள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவைதான் தூக்கிக்கொண்டு வருகின்றன.

ஆட்களுக்குப் பேரே இல்லையே, ஏன்?

அகப்பாட்டில், அதாவது காதல் வாழ்க்கையைப் பாடும் பாட்டில், தலைமக்களின் (தலைவன், தலைவி) பேரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னார் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் அது வம்பு. தெரியாதவரை அது நம் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

நற்றாய், செவிலி என்று எதற்கு இரண்டு அம்மா?

பெற்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலி. பெண்ணோடு நாள் முழுக்க இருப்பவள் செவிலிதான். ஓடிப்போனால் தேடிக்கொண்டு நடப்பவளும் அவள்தான். ‘தோழி தானே செவிலி மகளே’ என்று தொல்காப்பியம் இன்னொரு முடிச்சையும் போடுகிறது. காவல் காக்க வேண்டியவள் செவிலி. ராத்திரி கதவைத் திறந்து வழி சொல்லிக் கொடுப்பவள் அவள் வயிற்றில் பிறந்த மகள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பல பாட்டுகளில் சிரிப்பு வரும்.

‘அன்னாய்’ என்று வந்தால் மகள் அம்மாவிடம் பேசுகிறாள் என்றுதானே பொருள்?

எல்லாரும் முதலில் தடுக்கி விழுகிற படி இது. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சியில் ‘அன்னாய் வாழி’ என்று தொடங்கும் பாட்டுகள் ஒரு பத்து உண்டு. அதில் 203ஆம் பாட்டு பலருக்கும் தெரிந்தது: நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் தழை மூடிய கிணற்றின் அடியில் மான் குடித்துவிட்டு மிச்சம் வைத்த கலங்கல் நீர் இனிது. இதை அம்மாவிடம் சொன்னால் வீடு இரண்டாகிவிடும்! ஓடிப்போய்த் திரும்பி வந்தவள் தோழியிடம் சொல்கிறாள். ‘அன்னாய்’ என்று அவள் கூப்பிடுவது தோழியை. இன்றைக்கும் ‘ஏம்மா, நீ சொல்லும்மா’ என்று கூட்டாளியிடம் பேசுவோமே, அதே மாதிரி.

பாட்டின் கீழே ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று இருக்கும் குறிப்பு உதவும். ஆனால் அது புலவர் எழுதியதல்ல; பாட்டைத் தொகுத்தவர்களும் பின்னால் வந்தவர்களும் போட்டது. பெரும்பாலும் சரியாக இருக்கும். சில இடங்களில் ஒரே பாட்டுக்கு இரண்டு விதமாகவும் குறிப்பு வரும். குறிப்பைக் கையால் மூடிக்கொண்டு ஒருமுறை, திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை படிப்பது என் பழக்கம்.

அம்மாவும் மகளும் நேருக்கு நேர் வாக்குவாதம் செய்கிற பாட்டு எது?

அநேகமாக இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதே இதுதான். தோழி செவிலியிடம் பேசுவாள். செவிலி நற்றாயிடம் பேசுவாள். தலைவி தோழியிடமும் தன் நெஞ்சிடமும் பேசுவாள். நற்றாய் காக்கையிடமும் மகள் விட்டுப்போன பொம்மையிடமும்கூடப் பேசுவாள். பேச வேண்டிய இருவர் மட்டும் பேச மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று கேள்வி போட்டுப் பாருங்கள்: யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? யார் காதில் விழட்டும் என்று பேசுகிறார்?

குறுந்தொகை 23, ஔவையார் பாட்டு, இதற்கு நல்ல உதாரணம். மகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கக் குறி சொல்லும் கட்டுவிச்சியை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். சங்குமணிக் கோவை போல வெளுத்த நீண்ட கூந்தல் அவளுக்கு. அவள் ஏதேதோ மலைகளைப் பாடிக்கொண்டு போகிறாள். நடுவில் ஒரு மலையின் பேர் வந்ததும் தோழி குறுக்கிடுகிறாள்:

அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே

‘பாடு, இன்னொரு தரம் பாடு, அவருடைய மலையைப் பாடினாயே அந்தப் பாட்டைப் பாடு.’ பேசுவது கட்டுவிச்சியிடம். இலக்கு அம்மா. ‘அவர்’ என்ற ஒரே சொல்லில் குட்டு உடைந்துவிடுகிறது. எவர்? எந்த மலைக்காரர்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செவிலி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு முழு கோடைக்காலம் பேச்சு நின்றிருந்தது. இருவரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். ‘சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுடா’ என்பார் அம்மா, மூன்றடி தள்ளி அக்கா நிற்க. ‘பசிக்கலைன்னு சொல்லு’ என்பாள் அவள். நான் வாயே திறக்க வேண்டியிருக்காது. அகப்பாட்டின் இலக்கணம் எனக்குப் பாடப்புத்தகத்தில் புரியவில்லை. அந்தக் கூடத்தை நினைத்தபோதுதான் புரிந்தது.

அம்மாவை ‘நரகத்துக்குப் போகட்டும்’ என்று சபிக்கும் பாட்டு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. குறுந்தொகை 292, பரணர் பாடியது. அதில் ஒரு பழங்கதை வருகிறது. குளிக்கப் போன பெண் ஒருத்தி ஆற்றுநீர் அடித்துக்கொண்டு வந்த பச்சைக் காயை எடுத்துத் தின்றுவிட்டாள். அது நன்னன் என்ற குறுநில மன்னனின் காவல் மரத்துக் காய் என்று உரைகள் சொல்லும். தண்டனை, மரணம். பெண்ணைப் பெற்றவர்கள் எண்பத்தொரு யானையும் (பாட்டில் ‘ஒன்பதிற்று ஒன்பது களிறு’) அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்றார்கள். நன்னன் வாங்கிக்கொள்ளாமல் அவளைக் கொன்றான். ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்ற பேர் அவனுக்கு நிலைத்துவிட்டது.

இத்தனையும் எதற்கு? அந்த நன்னனைப் போல அம்மாவும் மீளாத நரகத்துக்குப் போகட்டும் என்று சொல்லத்தான். அம்மா செய்த குற்றம் என்ன?

ஒருநாள் நகைமுக விருந்தினன் வந்தெனப்
பகைமுக ஊரின் துஞ்சலோ இலளே

சிரித்த முகத்தோடு ஒரு விருந்தாளி ஒருநாள் வந்தான். அன்றிலிருந்து, பகைவர் முற்றுகையிட்ட ஊர் போல அவள் தூங்குவதே இல்லை. அவ்வளவுதான் குற்றம்.

முதல் படிப்பில் இது அடங்காத பெண்ணின் ஆத்திரமாகத் தெரியும். இப்போது அந்த மூன்று கேள்வியைப் போடுங்கள். பேசுவது தோழி. கேட்பது தலைவி. காதில் விழ வேண்டியது வேலிக்கு வெளியே இருட்டில் நிற்கும் தலைவனுக்கு. ‘ராத்திரி வந்து போகிற கதை இனி நடக்காது, பெண் கேட்டு முறையாக வா’ என்பதுதான் சேதி. அம்மாவுக்கு விழுந்த வசவு அம்மாவுக்கானதே இல்லை. அவள் காதில் அது விழப்போவதும் இல்லை.

இன்னொன்று. நகைமுகம், பகைமுகம்: ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. சிரித்துக்கொண்டு வந்த அதே முகம் அம்மாவுக்குப் படையெடுப்பு. பாட்டின் தொடக்கத்தில் அம்மா நன்னன், கையில் வாளோடு இருப்பவள். முடிவில் அதே அம்மா முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஊர். முற்றுகையிட்ட ஊரில் தூங்காமல் இருப்பவர்கள் கொடுங்கோலர்கள் அல்லர், பயந்தவர்கள். சபிக்கிற வாயாலேயே அம்மாவின் பயத்தையும் சொல்லவைத்துவிட்டார் பரணர். தோழிக்கு அது தெரிந்திருந்ததா என்று எங்கள் கூட்டத்தில் ஒருநாள் அடிதடி அளவுக்கு விவாதம். தெரிந்துதான் சொல்கிறாள் என்பது என் கட்சி.

அப்பா ஏன் பேசுவதே இல்லை?

பேசக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஊரார், அக்கம்பக்கத்தார், சேரியார் இவர்களோடு ‘தந்தையும் தன்னையும்’ சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாமே தவிர, அவர்களுக்கு நேர்ப்பேச்சு கிடையாது என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். தன்னை என்றால் அண்ணன். காதல் கதையில் அதிகாரம் எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு மேடையில் வசனம் இல்லை! வாய்ப்பூட்டுப் போட்ட இலக்கணக்காரர் பொல்லாதவர்.

வசனம் இல்லாததால் அவர்களுடைய உடம்பு பேசுகிறது. கபிலரின் கலித்தொகை 39ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்று வெள்ளத்தில் ஒரு பெண் அடித்துக்கொண்டு போகிறாள். ஒருவன் பாய்ந்து அணைத்துக் கரையேற்றுகிறான். அவனுக்குத்தான் அவள் என்று தோழி சொல்லிவிடுகிறாள். சேதி அம்மா வழியாக அண்ணன்மாருக்குப் போகிறது. அப்புறம்:

தெரிகணை நோக்கிச் சிலைநோக்கிக் கண்சேந்து
ஒருபகல் எல்லாம் உருத்தெழுந்து ஆறி
இருவர்கண் குற்றமும் இல்லையால் என்று
தெருமந்து சாய்த்தார் தலை

அம்பைப் பார்க்கிறார்கள். வில்லைப் பார்க்கிறார்கள். கண் சிவக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கொதித்து எழுகிறார்கள். பிறகு ஆறுகிறது. ‘இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லையே’ என்று மனம் சுழன்று தலையைத் தாழ்த்துகிறார்கள். நான்கே வரியில் ஒரு வீட்டின் ஆண்கள் கொலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். ‘சாய்த்தார் தலை’ என்பது சம்மதமா, தோல்வியா, வெட்கமா என்று கேட்பார்கள். மூன்றும்தான் என்று எனக்குப் படுகிறது. ‘தெருமந்து’ என்ற சொல் அதற்குத்தான் அங்கே இருக்கிறது. பாட்டு அடுத்ததாகக் குரவைக் கூத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் போய்விடும். ஆனால் அந்த ‘ஒருபகல் எல்லாம்’ என்னை விடுவதில்லை. அந்த ஒரு பகல் கிடைக்காமல் போன பிள்ளைகளைப் பற்றித்தானே இன்னும் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வெறியாட்டுப் பாட்டுகளை நகைச்சுவை என்று சொல்லலாமா?

தாராளமாக. காதலால் இளைத்தவளுக்கு முருகன் பிடித்திருக்கிறான் என்று ஆட்டை வெட்டினால் வேறு எப்படிச் சொல்வது? குறுந்தொகை 362இல் தோழி வேலனை மரியாதையாகவே கேட்கிறாள்: கோபித்துக்கொள்ளாதே, ஒரு சந்தேகம், நீ பலி கொடுக்கிறாயே, இவளை வருத்திய மலைநாட்டானின் மாலை போட்ட மார்பும் அதைச் சாப்பிடுமா? நற்றிணை 34இல் வேலனை விட்டுவிட்டு முருகனிடமே போய்விடுகிறாள்: ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.’ நீ கடவுளாகவே இரு. ஆனால் உனக்கு விவரம் போதாது, நல்லா இரு! உன்னால் வந்த நோயில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நின்றாயே என்பது அவள் வாதம். அதிலும் காதில் விழ வேண்டியவள் அம்மாதான்.

அடிக்கிற அம்மா உண்டா?

உண்டு. உலோச்சனாரின் நற்றிணை 149. தெருவில் பெண்கள் சிலரும் பலருமாகக் கூடி நின்று, கடைக்கண்ணால் பார்த்து, மூக்கு நுனியில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு வம்பு பேசுகிறார்கள். அந்த விரலை நீங்கள் எந்தத் தெருவிலும் இன்றைக்கும் பார்க்கலாம். அது வீட்டுக்கு எட்டியதும் ‘சிறுகோல் வலந்தனள் அன்னை அலைப்ப’, சின்னக் கோலைச் சுழற்றி அம்மா அடிக்கிறாள். நான் போகிறேன், இந்த ஊர் தன் வம்பைச் சுமந்துகொண்டு கிடக்கட்டும் என்று பாட்டு முடிகிறது.

இதே சிறுகோல் இன்னொரு பாட்டில் வேறு வேலையாக வருகிறது. போதனாரின் நற்றிணை 110. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஒரு கையில் ஏந்தி, மறு கையில் ‘பூந்தலைச் சிறுகோல்’ வைத்துக்கொண்டு, குடி குடி என்று செவிலியர் மிரட்டுகிறார்கள். முத்துப் பரல் போட்ட சிலம்பு ஒலிக்கக் குழந்தை பந்தலுக்குள் ஓடுகிறது. நரைத்த கூந்தல்காரிகள் துரத்த முடியாமல் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். அப்படி ஓடினவள் இப்போது புருஷன் வீட்டில் வறுமை வந்தும், அப்பா வீட்டுச் செழித்த சோற்றை நினைக்காமல், ஒருவேளை விட்டு ஒருவேளை சாப்பிடுகிறாளாம். இந்த அறிவை எங்கே படித்தாள் என்று அம்மா திகைக்கிறாள். பலர் இதை ‘குடும்பப் பெண்ணின் பெருமை’ என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் அடிபட்ட மனசும் கேட்கிறது. நான் ஊட்டியபோது ஓடினாய். பசிக்கும்போதுகூட என் சோறு உனக்கு வேண்டாம்.

வேறு வேறு புலவர்கள், வேறு வேறு பெண்கள். ஆனாலும் இரண்டு பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் கோல் ஒன்றுதான் என்று தோன்றிவிடும். பால் குடிக்க மறுத்தபோது ஓங்கியது, ஊர் வம்பு பேசியபோது இறங்கியது.

கிளம்பும்போது சிலம்பைக் கழற்றி வைப்பது சத்தம் கேட்காமல் இருக்கத்தானே?

கயமனாரின் நற்றிணை 12. வைகறை நேரம். வீட்டுக்குள் தயிர் கடையும் மத்து, கயிறு தேய்த்துத் தேய்த்துத் தண்டு மெலிந்த மத்து, தூணடியில் உறுமிக்கொண்டிருக்கிறது. குழிசியில் (தயிர்ப்பானையில்) விளாம்பழ வாசம். அம்மா எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டாள் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். அந்த ஓசைக்கு நடுவே மகள் உடம்பை மறைத்துக்கொண்டு வந்து, காலில் இருந்த பரல் சிலம்பைக் கழற்றி, வரிந்து புனைந்த தன் பந்தோடு சேர்த்து வைக்கிறாள்.

சத்தத்துக்காக என்பதும் சரிதான். ஆனால் சிலம்பு கழற்றுவது அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டில் செய்யும் சடங்கு. அம்மா முன்னின்று, நாலு பேர் கூடி நடத்த வேண்டியதை இவள் இருட்டில் தன்னந்தனியாகச் செய்துகொள்கிறாள். வைக்கிற இடத்தையும் கவனியுங்கள்: பந்தின் பக்கத்தில். இதைப் பார்க்கும்போதெல்லாம் என் கூட்டாளிகள் நொந்துபோவார்களே என்று நினைக்கிறாள். தன் கட்டுக்கு அடங்காமல் கண் கலங்குகிறது. கூட்டாளிகள் என்கிறாள். அம்மாவின் பேரை எடுக்கவில்லை. எடுத்தால் போக முடியாது என்பது என் ஊகம்.

எல்லாம் பெண் பக்கமே இருக்கிறது. அம்மா பக்க நியாயம்?

இதற்குப் பதிலாக ஒரே ஒரு பாட்டைப் படித்தால் போதும் என்பேன். கபிலரின் அகநானூறு 203. மகள் போன பிறகு அம்மா பேசுகிறாள்.

வம்புக்காரப் பெண்கள் பல நாள் என்னிடம் வந்து, உன் மகள் இப்படி இப்படி என்றார்கள். நான் ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை. ‘நாணுவள் இவள்’, கேட்டால் குன்றிப்போவாளே என்று எனக்குத் தெரிந்ததை ஒளித்துக்கொண்டு இந்த வீட்டில் இருந்தேன். அவளோ,

அன்னை அறியின் இவண்உறை வாழ்க்கை
எனக்கு எளிது ஆகல் இல்

அம்மாவுக்குத் தெரிந்தால் இங்கே இருப்பது எனக்குச் சுலபமாக இருக்காது என்று நினைத்துப் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாதது, அம்மாவுக்குத் தெரியும் என்பது. ஒருத்தி மகளின் மானத்துக்காக வாயை மூடினாள். இன்னொருத்தி அம்மாவின் கோபத்துக்குப் பயந்து வாயை மூடினாள். இருவரும் ஒரே வீட்டில் ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். குறுந்தொகை 292இல் தூங்காத அம்மாவைத் தோழி நன்னன் ஆக்கினாளே, அந்த அம்மாவுக்கு வாய் கொடுத்தால் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

அடுத்து அவள் ஆசைப்படுவதுதான் என்னைக் கவிழ்த்துவிட்ட இடம். மகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் நினைத்த மாதிரி அம்மா நான் இல்லை (‘யான் அன்னேன் அன்மை’) என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு, மான்தடம் குழம்பிய மலைப்பாதையில் அவர்களுக்கு முன்பே போய், மனித வாடையற்ற ஒரு சின்ன ஊரில், நொச்சி தழைத்த வீட்டுக்காரியாக நான் இருந்துவிட வேண்டும். வழிப்போக்கராக அவர்கள் வரும்போது சோறு போட்டு, ராத்திரிக்கு ஒதுங்க இடம் கொடுக்க வேண்டும். ‘மனைகெழு பெண்டு யான் ஆகுக மன்னே.’ சொந்த மகளுக்கு அடையாளம் தெரியாத ஒரு வீட்டுக்காரியாக இருந்தால்தான் அவளுக்கு நல்ல அம்மாவாக இருக்க முடியும் என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். கடைசியில் நிற்கும் ‘மன்’ என்ற இடைச்சொல், இது நடக்காது என்று அவளுக்கே தெரியும் என்கிறது.

கலித்தொகையில் அந்தணர்கள் சொல்லும் ஆறுதலைப் படித்தால் எரிச்சலாக வருகிறதே?

எனக்கும் வரும். கலித்தொகை 9, பாலை பாடிய பெருங்கடுங்கோ. காட்டு வழியில் தேடிப் போகும் செவிலி, எதிரே குடை பிடித்து வரும் அந்தணரிடம், ஒருவனும் ஒருத்தியும் போவதைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். ஆனால் சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவருக்கே அல்லாமல் மலைக்கு என்ன பயன்? முத்து கடலில் பிறந்தாலும் அணிபவருக்கே. யாழில் பிறந்த இசை கேட்பவருக்கே. உன் மகளும் அப்படித்தான், போ என்கிறார்கள்.

மேடைப்பேச்சிலும் கல்யாண வாழ்த்திலும் அடிக்கடி அடிபடும் பாட்டு இது. தர்க்கம் வெகு அழகு. ஆனால் அழுதுகொண்டு நிற்பவளிடம் மூன்று உவமை சொல்வது ஆறுதலா? பெண் இதில் பூசிக்கொள்ளும் பொருள் ஆகிவிடுகிறாள் என்று எங்கள் கூட்டத்து இளைய உறுப்பினர் ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தணர்கள் பிறத்தியார், அவர்களுக்கு அது சுலபம். இதே தேடலை வெள்ளிவீதியார் குறுந்தொகை 44இல் பாடும்போது உவமையும் தர்க்கமும் காணோம். நடந்து நடந்து கால் ஓய்ந்தது, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்தது, வானத்து மீன்களைவிட அதிகமாக இருக்கிறார்கள் இந்த உலகத்தில் ‘பிறர்’. எதிரே வரும் ஒவ்வொரு ஜோடியும் அவர்களோ என்று பார்த்து, இல்லை இல்லை என்று ஏமாந்த எண்ணிக்கை அது.

பையன்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் சண்டை வராதா?

அகத்தில் அவன் வீடு அநேகமாகக் கண்ணில் படாது. அவனுடைய அம்மாகூட, பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவளின் வாயில்தான் வருகிறாள். மகன்–அப்பா மோதல், போரையும் அரசரையும் பாடும் புறத்தில் இருக்கிறது, அதுவும் படையோடு. கோப்பெருஞ்சோழன் தன் இரண்டு மகன்கள் மேல் போருக்குக் கிளம்பினான். புல்லாற்றூர் எயிற்றியனார் புறநானூறு 213இல் அவனைத் தடுக்கிறார்: யோசித்துப் பார், அவர்கள் உனக்குப் பகைவர் அல்லர், நீ போன பிறகு இந்தச் சொத்து யாருக்கு? நீ தோற்றால் உன்னை இகழ்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். சோழன் போரை விட்டான். பிறகு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர்விட்டான். அவனுக்கும் புலவர் பிசிராந்தையாருக்கும் இருந்த நட்பைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அந்த நட்புக்கு முன்னால் இப்படி ஒரு வீட்டுச் சண்டை இருந்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

கடைசியில் சமாதானம் ஆகிறார்களா?

ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலையைத் தொடர்ச்சியாகப் படியுங்கள். மகளைப் போகவிட்ட தாய் புலம்பும் பத்து 371இல் தொடங்குகிறது. முதல் பாட்டில் வாழ்த்து: ‘அறநெறி இதுவெனத் தெளிந்த’ என் சின்ன மகள் போன வழியில் மழை பெய்து இனிதாகட்டும். இரண்டு பாட்டு தள்ளி 373இல் சாபம்: என் மகளைக் காட்டுக்குக் கொண்டுபோனவனைப் பெற்றவள், என்னைப் போலவே நினைத்து நினைத்து அழட்டும். மகள் மேல் கோபிக்க முடியாமல் சம்பந்தி மேல் பாய்கிறாள். 375இல் பொம்மையையும் கிளியையும் காட்டி, இது என் பாவைக்குப் பிடித்த பாவை, இது என் கிளி வளர்த்த கிளி என்று கலங்குகிறாள். மூன்றையும் ஒரே அம்மா ஒரே நாளில் சொன்னதாக வைத்துக்கொண்டாலும் ஒன்றும் இடிக்காது.

கடைசிப் பத்து திரும்பி வருதலைப் பற்றியது. 399இல் அதே சம்பந்தியிடம் சேதி போகிறது: சிலம்பு கழற்றும் சடங்கை உங்கள் வீட்டிலேயே செய்தாலும் கல்யாணத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று, அந்தப் ‘பொய்வல் காளை’யைப் பெற்றவளிடம் சொன்னால் என்ன? மாப்பிள்ளை இன்னும் பொய்க்காரன்தான், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பந்தல் எங்கள் வாசலில் போட வேண்டும்.

அந்தப் பத்தின் முதல் பாட்டு 391. அம்மா வாசலில் நின்று காக்கையிடம் பேரம் பேசுகிறாள். மாசில்லாத சிறகுள்ள சின்னக் கருங்காக்கையே, உனக்கு மட்டுமல்ல, உன் சுற்றத்துக்கும் சேர்த்துப் பச்சை இறைச்சி போட்ட நிணச்சோறு பொன் கிண்ணத்தில் தருகிறேன். அவர்கள் வரும்படி ஒருதரம் கரை. ‘வெஞ்சின விறல்வேல் காளையொடு’ என்று அவனையும் சேர்த்தேதான் கூப்பிடுகிறாள். மகள் மட்டும் வரட்டும் என்று சொல்லவில்லை.